உதவித்தொகையோடு வந்த கையெழுத்துத் தாள்

மலேசியாவின் பகாங் மாநிலத் தோட்டப்புறப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருப்பவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்துவிட்டு, பட்டண ஓரத் தாமானில் மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பம் அவருடையது. வீட்டுக் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், மாமியார் பெயரில் இருக்கிறது. தாமானுக்குப் பின்னால் உள்ள குன்றில் சில ஆண்டுகளாக இரும்புத் தாது எடுக்கிறார்கள். அந்தச் சுரங்க நிறுவனம் ஊருக்குச் செய்வது கொஞ்சநஞ்சமல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் காலணியும், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச டியூஷன், எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்த சிலருக்குக் கல்வி உதவி, கோயில் திருவிழாவுக்கு அன்னதானச் செலவு, தீபாவளிக்கு ஹம்பர் என்ற பரிசுக்கூடை. வெயில் காலத்தில் லோரி வைத்து ரோட்டில் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

அதே கடிதத்தின் மறுபாதி வேறு மாதிரி. கொடியில் காயும் வெள்ளைப் பள்ளிச் சட்டை மாலைக்குள் துரு நிறம் பிடித்துவிடுகிறது. குன்றில் வெடி வைக்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே சுவர் விரிசல் விட்டிருக்கிறது. இளைய மகனுக்கு இளைப்பு. அடிக்கடி கிளினிக்கில் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு நிறுவன அதிகாரி மலாய் மொழியில் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு 900 ரிங்கிட் சமூக உதவி. இரண்டாம் பக்கத்தில், இந்தப் பணம் ‘பென்யெலெசாயான் பெனூ டான் முக்தமாட்’, அதாவது முழுமையான இறுதித் தீர்வு என்றும், தூசு, அதிர்வு, சத்தம் தொடர்பாக இதுவரைக்கும் இனிமேலும் எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டோம், எந்த அரசாங்க இலாகாவிடமும் புகார் செய்யமாட்டோம் என்றும் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கப்போகிறார்களாம். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கலாமா?” என்கிறார் கோயில் தலைவர். துணைக் குத்தகையாளரிடம் டிரிப் கணக்கில் தாது லோரி ஓட்டும் கணவர், “நீ போடாட்டி எனக்கு டிரிப் குடுக்கமாட்டான் லா” என்கிறார். நாத்தனாரோ, லாபத்தில் இரண்டு விழுக்காட்டை ஊருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி, கையெழுத்துப் போடலாமா, போன ஆண்டு ஹம்பர் வாங்கியபோது போட்ட கையெழுத்தால் ஏற்கெனவே உரிமை போய்விட்டதா, இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உதவி வாங்கியதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. வாங்கிவிட்டோமே என்று வாயை மூடிக்கொள்ளவும் வேண்டியதில்லை. நிறுவனம் ஊருக்குச் செய்யும் உதவி ஒரு கணக்கு. அதன் வேலையால் உங்கள் வீட்டுக்கும் பிள்ளைக்கும் கெடுதல் வந்திருந்தால் அதற்கான இழப்பீடு வேறு கணக்கு. முதல் கணக்கில் நன்றி சொல்லலாம், இரண்டாவதில் கேள்வி கேட்கலாம். அந்தத் தாள் இரண்டையும் சேர்த்து முடிக்கப் பார்க்கிறது. என் ஆலோசனை சுருக்கமானது: உதவியை வாங்குங்கள், இப்போதுள்ள வடிவில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

இரண்டு விழுக்காடு இந்தியாவில்

உங்கள் நாத்தனார் சொல்லும் சட்டம் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் நம் நாட்டில் இல்லை. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. சுரங்கங்களுக்கு அங்கே 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று தனி ஏற்பாடும் உண்டு. தமிழகத் தொலைக்காட்சிச் செய்திகளை நாம் பார்த்துப் பார்த்து இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

மலேசியாவில் நிறுவனங்கள் இத்தனை விழுக்காடு கொடுத்தே ஆகவேண்டும் என்ற பொதுச் சட்டம் கிடையாது. ஆகவே அவர்கள் டியூஷனை நிறுத்தினால் நீதிமன்றத்துக்குப் போய்த் தொடர வைக்க முடியாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது.

ஆனால் கொடுப்பது முழுக்கத் தர்மம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கல்வி, சுகாதாரம், வீடமைப்பு போன்ற சமூகத் திட்டச் செலவுகளை, நிதியமைச்சரின் ஒப்புதல் இருந்தால், 1967-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டப்படி வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வழியுண்டு. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா என்று பாருங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். 2022-இல் நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியா கடுமையாக்கிய விதிகள், சமூகத்துக்குச் செலவிட்ட மொத்தத் தொகையையும் பயனடைந்தவர்களின் எண்ணிக்கையையும் அதில் சேர்க்கச் சொன்னன. அந்த அறிக்கைகள் இணையத்தில் எவரும் படிக்கக் கிடைப்பவை. புதுப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் உங்கள் பிள்ளைகளின் படம்கூட அதில் இருக்கலாம். உங்களுக்கு அவர்கள் தேவைப்படுவதுபோல, அவர்களுக்கும் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். பேச உட்காரும்போது இது மனத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் லோரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஹம்பரோடு சேர்த்துப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். தூசு கிளம்பாமல் பார்த்துக்கொள்வதும், லோரிக்குத் தார்ப்பாய் மூடுவதும், சுரங்க வாசலில் சக்கரம் கழுவுவதும் தொழில் நடத்துகிறவரின் பொறுப்பு. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைக்குக் கிடைத்த ஒப்புதலிலும் சுரங்கம் நடத்தும் திட்டத்திலும் வழக்கமாக நிபந்தனைகளாக வருபவை இவை. கடமையை உதவிப் பட்டியலில் ஏற்றினால், நாளை தண்ணீர் அடிக்காத நாளில் “உதவிதானே, இன்று முடியவில்லை” என்பார்கள்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. “படிக்காமல்தானே போட்டோம், மலாய் சரியாகப் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்” என்பது ஒன்று. வயது வந்த ஒருவர் கையெழுத்திட்ட ஆவணம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தும். படிக்கவில்லை என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. மிரட்டலோ, தகாத செல்வாக்கோ, பொய்யான விளக்கமோ இருந்தது என்று காட்டினால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். கோயில் மண்டபத்தில் ஊரே சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மிரட்டினார்கள் என்று பிறகு யாரிடம் சொல்வது?

“இப்படி எழுதி வாங்குவதே செல்லாது, அதனால் துணிந்து போடலாம்” என்பது மற்றொன்று. பாதி உண்மை. இலாகாக்களிடம் புகார் செய்யக்கூடாது என்ற வரி பொதுநலனுக்கு எதிரானது. ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின் முன் அது நிற்காது என்பது என் கருத்து. சட்டத்தை அமல்படுத்துவது இலாகாவின் வேலை, அதை நீங்கள் 900 ரிங்கிட்டுக்கு விற்கவும் முடியாது, அவர்கள் வாங்கவும் முடியாது. ஆனால் இதுவரை ஏற்பட்ட சேதத்துக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இறுதித் தீர்வு என்று ஒப்புக்கொள்வது வேறு. அது ஒரு சமரச ஒப்பந்தம், பெரும்பாலும் செல்லுபடியாகும். இனி வரப்போகும் சேதத்தையும் சேர்த்து எழுதியிருப்பதை எதிர்த்து வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்துக்கு வழக்கறிஞர், செலவு, ஆண்டுகள் எல்லாம் வேண்டும். விரிசல் விட்ட ஒரு சுவரை ஒழுங்காகப் பழுதுபார்க்கவே 900 ரிங்கிட் பற்றாமல் போகலாம்.

நன்கொடையும் தீர்வும் ஒன்றாகக் கலப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய, அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1994-இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த சமரசத்தில் ஊர்ப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 164,000 அமெரிக்க டாலர் நன்கொடை தர ஒப்புக்கொண்டார்கள், மக்களின் நோய்களுக்கு எந்தப் பொறுப்பையும் ஏற்காமல். அந்த ஊர் மக்கள் நீண்ட வழக்குக்குப் பிறகு சந்தித்த முடிவு அது. உங்கள் ஊரிலோ ஒரு புகார் மனுகூட எழுதப்படவில்லை, அதற்குள் இறுதித் தீர்வு கேட்கிறார்கள். தங்களுக்கு எந்தப் பயமும் இல்லாத நிறுவனம் இரண்டாம் பக்கத்தை ஏன் தட்டச்சு செய்தது என்று கோயில் தலைவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

போன ஆண்டு ஹம்பருக்குப் போட்ட கையெழுத்தைப் பற்றி: பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து என்று வரிசையாக உள்ள பட்டியலில்தான் போட்டிருந்தால் அது வெறும் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. அதனால் எந்த உரிமையும் போகாது. இருந்தாலும் அந்தத் தாளின் மேல்பகுதியில் என்ன எழுதியிருந்தது என்பது முக்கியம். நகல் கேளுங்கள்.

வீடு மாமியாருடையது, நெஞ்சு மகனுடையது

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விவரம்தான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கிராண்ட் மாமியார் பெயரில். சுவர் விரிசலுக்கான கோரிக்கை வீட்டு உரிமையாளருடையது. நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்திட்டு அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே நிறுவனம் நாளை அவரிடமும் தாளை நீட்டலாம். “ஆயிரம் வெள்ளி வருது பாட்டி” என்றால் வயதானவர்கள் கைநாட்டு வைத்துவிடுவார்கள். இன்றே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீடு நம் பெயரில் இல்லை, அதனால் நமக்கு ஒன்றும் பேச உரிமையில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. நிலத்தை அனுபவிப்பதற்கு வரும் இடையூறு என்ற வகை வழக்குக்குத்தான் அந்த நிலத்தில் உரிமை வேண்டும். கவனக்குறைவால் உடலுக்குக் கேடு வந்தது என்று வழக்குத் தொடுக்கக் கிராண்ட் தேவையில்லை. இலாகாவில் புகார் செய்யவும் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் லயத்தில் இருப்பவரும்கூடப் புகார் செய்யலாம்.

மகனின் கோரிக்கை அவனுடையது. 18 வயது நிறையாதவரின் கோரிக்கையைப் பெற்றோர் ஒரு தாளில் முடித்துவிடுவதை நீதிமன்றம் அப்படியே ஏற்பதில்லை. வழக்கென்று வந்துவிட்டால் சிறாரின் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதியே வேண்டும். காலவரம்பும் அவனுக்கு 18 வயதுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சேதம் ஏற்பட்டதிலிருந்து 6 ஆண்டு. கண்ணுக்குத் தெரியாமல் ஏற்பட்டுப் பின்னர் தெரியவந்த சொத்துச் சேதத்துக்கு, காலவரம்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு கூடுதல் அவகாசம் தருகிறது. இந்தக் கூடுதல் அவகாசத்தையும் சேர்த்து மொத்தம் 15 ஆண்டைத் தாண்டக்கூடாது. எனவே கோயில் மண்டபக் கூட்டத்துக்குள் முடிவெடுத்தே ஆகவேண்டும் என்ற அவசரம் நிறுவனத்துடையதுதான், சட்டத்துடையது அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களைக் கொஞ்சம் தடுத்தும் நிறுத்த வேண்டியிருக்கிறது. விரிசலுக்கு வெடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மலிவு விலை வீடுகளில் மண் இறங்குவதாலும், சிமெண்டில் கஞ்சத்தனம் செய்ததாலும் ஜன்னல் மூலையில் விரிசல் வரும். இளைப்புக்கும் கொசுவர்த்திப் புகை, படுக்கைத் தூசு, பரம்பரை என்று வேறு காரணங்கள் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் கேட்பார். பதிலுக்கு உங்களிடம் கோபம் மட்டும் இருந்தால் போதாது.

ஆகவே பென்சிலை எடுங்கள். விரிசலின் இரு நுனியிலும் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அதன்மேல் பள்ளி அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு, புதுத் தேதி. ஒரு நோட்டில் வெடிச் சத்தம் கேட்ட நாளும் நேரமும், மகனுக்கு நெபுலைசர் வைத்த நாளும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும். சுரங்கத்திலும் வெடி வைத்த நேரம் பதிவாகியிருக்கும். இரண்டும் பொருந்தினால் அதற்கு ஒரு பலம் இருக்கிறது. கிளினிக்கில் டாக்டரிடம் வீடு இருக்கும் இடத்தையும் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்தால் செலவும் பகிர்ந்து போகும்.

கணவரின் டிரிப்

இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதச் சம்பளக்காரரை நியாயமான காரணமின்றி நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுச் செய்யலாம். 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அது. ஒரு நாள் தாமதித்தாலும் கதவு மூடிவிடும். டிரிப் கணக்கில் ஓடுகிறவர் தொழிலாளியா, தனிக் குத்தகையாளரா என்ற சண்டை முதலில் வரும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது: எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையை அவர்கள் கட்டுப்படுத்தினால், அவர்கள் லோரியையே ஓட்டினால், அந்த ஊதியமே அவருடைய வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்தால், தொழிலாளி என்றே முதலில் கருத வேண்டும். டிரிப் சீட்டுகளையும் வாட்சாப்பில் வரும் வேலை உத்தரவுகளையும் அவர் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

ஆனால் சட்டம் இருப்பதால் டிரிப் குறையாது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம் என்கிறேன். நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதத்தில் உங்கள் பெயர் முதலாவதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சுரங்கத்தில் வேலை செய்யாத குடும்பங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாமியார் போன்ற வீட்டு உரிமையாளர்கள் முன்னால் நிற்கட்டும்.

பேஸ்புக்கில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ரவூப் தங்கச் சுரங்கம் பற்றி ஊர்மக்கள் சொன்ன உடல்நலப் புகார்களை வெளியிட்ட ஒரு செய்தித்தளம், அவதூறு வழக்கில் 2021-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்று, இழப்பீடும் செலவுமாக 550,000 ரிங்கிட் கட்ட நேர்ந்தது. பொறுப்புள்ள இலாகாவுக்கு நல்லெண்ணத்தோடு எழுதும் புகாருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. “இவர்கள் எங்கள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள்” என்று போடும் பதிவுக்கு அது கிடைக்காது.

கூட்டத்துக்கு முன்

அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகல் தரமாட்டோம் என்றால் கையெழுத்தும் தரமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து நிறுவனத்துக்குப் பணிவான ஒரு கடிதம்: உதவிக்கு நன்றி, முதல் பக்கத்தில் கையெழுத்திடத் தயார், இரண்டாம் பக்கத்தை நீக்குங்கள். இரண்டாம் பக்கம் இல்லாமல் பணம் மட்டும் தந்தால், பெற்றுக்கொண்ட தாளில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ‘பந்துவான் இனி டித்தெரிமா தன்பா மெஞ்ஜெஜாஸ்கான் அப்பா-அப்பா ஹக் சாயா’ என்று எழுதுங்கள். என் எந்த உரிமைக்கும் பாதகமின்றி இந்த உதவியைப் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். ஆனால் இரண்டாம் பக்கமும் சேர்ந்தே இருந்தால் இந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே தாளில் முன்னுக்குப்பின் முரணாக எழுதி வழக்கை விலைக்கு வாங்குவது போலாகும்.

பள்ளி டியூஷனை இந்தத் தாளோடு முடிச்சுப் போட விடாதீர்கள். அது பள்ளிக்கு வரும் உதவி. தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தனிக் கடிதத்தில் பேச வேண்டியது. நீங்கள் செயலவையில் இருப்பதால், அடுத்த கூட்டத்தில் இதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லலாம். சுரங்கத்தில் கணவர் வேலை செய்கிறார் என்பதையும் அங்கே நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யாராவது சொல்லிக் கிளப்புவதற்கு முன் அது நல்லது.

ஹம்பருக்குப் பதிலாக வேறு என்ன கேட்கலாம் என்றும் ஊரில் யோசியுங்கள். பள்ளிக்கூடத்தில் அதிர்வு அளக்கும் கருவி வைத்து அளவீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, வெடி வைக்கும் நேரத்தை முதல் நாளே வாட்சாப்பில் சொல்வது, பள்ளி தொடங்கும் முடியும் நேரங்களில் தாது லோரிகளை நிறுத்திவைப்பது, பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை. இவை ஹம்பரைவிட விலை அதிகமும் அல்ல.

புகார் என்று போனால், தூசுக்கும் ஆற்று நீருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் இலாகா. வெடி வைப்பதற்கும் சுரங்கம் நடத்தும் முறைக்கும் கனிமவள, புவி அறிவியல் இலாகா. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றும் லோரிக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா. குத்தகை கொடுப்பது மாநில அரசாங்கம் என்பதால் மாவட்ட நில அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். தகவல் அறியும் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இருப்பதுபோல் பகாங்கில் இல்லை. ஆனாலும் சுற்றுச்சூழல் ஒப்புதல் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் ‘தெரிமா’, அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை குத்திய நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் உங்கள் மாநிலத்திலும் இயங்குகிறது. வருமானத் தகுதி பார்ப்பார்கள். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனையாவது கிடைக்கும். போகும்போது அந்த இரண்டு பக்கத் தாள், மாமியாரின் கிராண்ட் நகல், கிளினிக் அட்டை, கணவரின் டிரிப் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள், கோரிக்கை அவருடையது என்பதால் அவர் வாயிலிருந்தே அவர்கள் கேட்க வேண்டியிருக்கும்.